மருத்துவச்சித் தரத்தில் ஒரு டிஸ்பென்சர்

என் தங்கையைப் பற்றி நான் அளவுக்கு மீறிப் பெருமையடிக்கிறேன் என்று வட்டவளையில் நாலு பேர் சொல்கிறார்களாம். சொல்லட்டும். அந்த நாலு பேரில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்தவள் அவள். மூன்றாவது ஆளுக்கு முதுகில் வந்த கட்டியைக் கீறியதும் அவள்தான். நாலாவது ஆள் எங்கள் அப்பா. நாலு பேர் முன்னால் என் வாயை அடக்குவதும், நான் விட்ட இடத்திலிருந்து பிறகு அவரே தொடருவதும் ஆனைக்கல் தோட்டம் முழுக்கத் தெரிந்த சங்கதி.

நான் மீனம்மா. இலங்கை மலைநாட்டில் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்து மருத்துவச்சி. எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி என்பது இரண்டு அறையும் ஒரு விறாந்தையும். மருந்து கலக்குவது, காயம் தைப்பது, யார் இன்றைக்கு வேலைக்குப் போகக் கூடாது என்று துண்டுச் சீட்டு எழுதுவது எல்லாம் டிஸ்பென்சரின் வேலை. படித்த டாக்டர் ஹட்டனில் இருந்தார். அவரை நாங்கள் கண்டது கொஞ்சம். எங்களுக்கு டிஸ்பென்சர்தான் டாக்டரய்யா. பிரசவமும் பச்சைப்பிள்ளைகளும் என் பொறுப்பு. அப்போது டிஸ்பென்சராக இருந்த கந்தப்பன் டாக்டரய்யாவுக்கு மாதம் இருநூற்றுப் பத்து ரூபாய் சம்பளம். எனக்குத் தொண்ணூறு.

அதில் எனக்கு அப்போது மனக்குறை எதுவும் இருக்கவில்லை. அவர் இரண்டு வருஷம் படித்தவர், நான் ஒன்பது மாதம் படித்தவள். சின்னப் படிப்புக்குச் சின்னச் சம்பளம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சின்னப் படிப்பை நானாகத் தேர்ந்தெடுத்தேனா என்று மட்டும் யோசித்ததில்லை. "பொம்பளப் புள்ளைக்கு ஏத்த படிப்பு" என்று சொல்லி அனுப்பினார்கள், போனேன். அதற்கு மேலே இன்னொரு படிப்பு இருக்கிறது, அதற்கும் விண்ணப்பம் போடலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

என் தங்கை நாகலெட்சுமிக்குக் கேட்கத் தோன்றியது. அவளுக்குக் கேட்பதுதான் பிழைப்பு.

அவள் எனக்கு ஒன்பது வயது இளையவள். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வட்டவளையில் ரயிலேறி ஹட்டனுக்குப் போக வேண்டும். நாகு போனாள். அங்கே எட்டாம் வகுப்பு முடிந்ததும், இனி எந்தப் பாடம் படிக்கப் போகிறாய் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் எழுதி வாங்கினார்கள். மற்றப் பெண் பிள்ளைகள் எல்லோரும் தையலும் மனையியலும் எழுதிக் கொடுத்தார்கள். நாகு இரசாயனம் என்று எழுதிக் கொடுத்தாள். வீட்டிலிருந்து பெரியவர்கள் யாரையாவது கூட்டி வா என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அப்பாவால் வேலையை விட்டு வர முடியாது, நான்தான் போனேன்.

தலைமையாசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர். "பிள்ளை, தையல் எண்டால் நீ லேசாப் பாஸ் பண்ணுவாய். இரசாயனம் ஆம்பிளைப் பிள்ளையளுக்கே கஷ்டம்" என்றார்.

"சார், தையல் டீச்சருக்குச் சம்பளம் கூடவா, சயன்ஸ் மாஸ்டருக்குச் சம்பளம் கூடவா?" என்று கேட்டாள் நாகு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நீ படிக்க வந்தனியோ, சம்பளம் விசாரிக்க வந்தனியோ?"

"ரெண்டுக்குந்தாங்க சார்."

எனக்கு மானம் போனது. தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்த்தபடி நின்றேன். அவர் சிரித்துவிட்டு அவள் கொடுத்த துண்டில் கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும்போது ரயிலில் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் அதைக் கேட்காமல் ஜன்னல் வழியே ரொசல்லை ஸ்டேஷனைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு நான் வெட்கப்பட்ட கேள்வியை இன்றைக்கு ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலிருந்துதான். அப்பா செல்லசாமி கவ்வாத்துக்காரர், தேயிலைச் செடியை வெட்டுகிற ஆள். அம்மா காளியாயி கொழுந்து எடுப்பவள். ஒரு நாள் வேலையை எங்கள் பக்கம் ஒரு பேர் என்பார்கள். அப்பாவின் ஒரு பேருக்கும் அம்மாவின் ஒரு பேருக்கும் சம்பளத்தில் வித்தியாசம் உண்டு. தனக்குக் கொடுத்த செடிகளை வெட்டி முடித்துவிட்டு அப்பா ஒரு மணிக்கெல்லாம் லயத்து வீட்டுக்கு வந்துவிடுவார். அம்மா அந்தி மசங்க வருவாள். வந்த கையோடு அடுப்பையும் பற்ற வைப்பாள். "கத்தி வேலைக்கும் கொழுந்து வேலைக்கும் ஒரே காசு குடுப்பானா?" என்பார் அப்பா. அவருடைய காய்த்துப்போன கையைப் பார்த்தால் அதுவும் சரி என்றுதான் படும்.

ஆனால் கொழுந்து கொட்டுகிற மாதங்களில் ஆண்களையும் கொழுந்து எடுக்க விடுவார்கள். அதே மலை, அதே கூடை. அப்பாவுக்கு அப்போதும் ஆண் பேர்தான் போடுவார்கள். அம்மாவின் கூடையில் பாதிகூட அவர் கூடையில் இருக்காது. பதினொரு வயதில் நாகு அவரிடம், "இப்ப கத்தி எங்கப்பா?" என்று கேட்டாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மாதான் சிரித்தாள்.

நாகு எஸ்.எஸ்.சி. பரீட்சை பாஸ் பண்ணியதும் மறுபடியும் அதே சண்டை வந்தது. பாட்டன் பூட்டன் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று எங்களுக்குப் பிரஜாவுரிமை கிடையாது, அதனால் அரசாங்க வேலைப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. எங்கள் படிப்புக்கு வேலை என்றால் அது தோட்டத்தில்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணுக்கு மருத்துவச்சி வேலை இருக்கிறது. ஆகவே நாகுவும் மருத்துவச்சிக்குப் படிக்கட்டும் என்றார் அப்பா. நாகு டிஸ்பென்சருக்குப் படிக்கிறேன் என்றாள்.

"ஆம்பளைக்கு வர்ற புண்ணுக்கெல்லாம் நீயா கட்டுப் போடுவ?"

"ஆம்பளைக்கு வந்தாலும் புண்ணு புண்ணுதானேப்பா."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானும் அப்பா பக்கம்தான் நின்றேன். கொழும்பில் தனியாக இரண்டு வருஷம், வகுப்பு முழுக்க ஆம்பளைப் பிள்ளைகள், படித்து முடித்தாலும் தோட்டத்தை நடத்தும் எந்தத் துரை ஒரு பெண்ணை டிஸ்பென்சராகச் சேர்ப்பான் என்றெல்லாம் பயம். அந்தப் பயத்துக்குள்ளே கொஞ்சம் பொறாமையும் இருந்தது. பிறகு ஒருநாள் வட்டவளைக் கடையில் முனாப் முதலாளியின் மனைவி ஹவ்வா உம்மாவிடம் இதைப் புலம்பினேன். அவர் அரிசியை அளந்துகொண்டே, "கொழும்புல மருதானையில எங்க தங்கச்சி ஸாலிஹா ஊட்டுல ஒரு கட்டில் சும்மா கெடக்கு. புள்ளய அனுப்புங்க. படிக்கிற புள்ளய ஊட்டுல வச்சா அவளுக்கும் பரக்கத்துத்தானே, புண்ணியந்தானே" என்றார். சாக்குச் சொல்ல எனக்கும் அப்பாவுக்கும் இடமில்லாமல் போய்விட்டது. என் தொண்ணூறிலிருந்து மாதம் முப்பத்தைந்தை அவளுக்கு அனுப்பினேன். ஒவ்வொரு மணியார்டரோடும் ஒரு புலம்பல் கடிதமும் போகும். அவள் பணத்துக்கு நன்றி எழுதுவாள், புலம்பலுக்குப் பதில் எழுத மாட்டாள்.

1962 தொடக்கத்தில் படிப்பு முடிந்தது. இருபத்திரண்டு பேர் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். மூன்றாவதாக வந்தாள். அவளோடு படித்த பூண்டுலோயாப் பையன் பழனியாண்டி பதினைந்தாவது. அதை அவனே ஒளிக்காமல் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். அந்த வருஷம்தான் கந்தப்பன் டாக்டரய்யா வேலையை விட்டுவிட்டு இந்தியாவில் உள்ள தன் ஊருக்குக் கப்பலேறினார். எங்கள் தோட்டத்தில் இடம் காலி. நாகு விண்ணப்பம் போட்டாள். விண்ணப்பம் போட்டது அவள் ஒருத்திதான். ஒரு மாதத்தில் தோட்டத்து ஆபீசிலிருந்து கடிதம் வந்தது.

லயத்து வாசலில் வைத்து அதைப் பிரித்தாள். இங்கிலீசில் டைப் அடித்த கடிதம். முதலில் தனக்குள்ளே படித்தாள். பிறகு எங்களுக்குத் தமிழில் சொன்னாள். "டிஸ்பென்சரி வேலை எல்லாத்தையும் நான்தான் பாக்கணுமாம். என்னை மருத்துவச்சித் தரத்துல போட்டிருக்காங்க. மாசம் எண்பத்தஞ்சு ரூவா."

"என்னது?" என்றேன்.

"உனக்கு ஏழு வருஷ சர்வீஸ் இருக்குல்லக்கா. அதான் உன்னை விட அஞ்சு ரூவா கம்மி."

ஒன்பது மாதம் படித்த நான் தொண்ணூறு வாங்குகிறேன். இரண்டு வருஷம் படித்து, பத்தொன்பது ஆம்பளைப் பிள்ளைகளைப் பின்னால் தள்ளிவிட்டு வந்தவளுக்கு எண்பத்தைந்தா? இத்தனை வருஷமும் என் சம்பளத்தை என் படிப்புதான் குறைத்தது என்று நம்பியிருந்தேன். பெரிய படிப்பைப் படித்திருந்தால் பெரிய சம்பளம் வாங்கியிருப்பேன் என்று. படிப்பும் குறைத்ததுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் படிப்பைச் சரிசெய்துகொண்டு போய் நின்றாலும் வாசலில் இன்னொரு கத்தரிக்கோல் காத்துக்கொண்டு நிற்கிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "கெடைச்சத வாங்கிக்க புள்ள. எண்பத்தஞ்சு ரூவா என்ன சும்மாவா? ஒங்க ஆத்தா மாசம் முழுக்க மழையில நனைஞ்சாலும் அவ்வளவு வராது."

"அதத்தாம்ப்பா நானும் சொல்றேன்" என்றாள் நாகு. அவர் உள்ளே போய்விட்டார்.

நாகு பழனியாண்டிக்கு ஒரு தபாலட்டை போட்டாள். அவனுக்குப் பூண்டுலோயாவில் எங்கள் தோட்டத்துக் கம்பெனிக்கே சொந்தமான இன்னொரு தோட்டத்தில் வேலை கிடைத்திருந்தது. அவன் தன் நியமனக் கடிதத்தையே உறையில் போட்டு அனுப்பிவிட்டான். "பாத்துட்டுப் பத்திரமா அனுப்பு, தொலைச்சா எனக்குச் சோறு போட வேண்டியது நீதான்" என்று ஒரு வரி எழுதியிருந்தான். டிஸ்பென்சர் தரம், மாதம் நூற்று அறுபத்தைந்து ரூபாய். அந்த நூற்று அறுபத்தைந்துதான் நாகு கேட்டது. கந்தப்பன் ஐயா கடைசியில் வாங்கிய இருநூற்றுப் பத்தை அவள் கேட்கவில்லை.

இரண்டு கடிதங்களோடும் நாங்கள் இருவரும் தோட்டத்து ஆபீசுக்குப் போனோம். துரை வெள்ளைக்காரர், பன்னிரண்டு வருஷமாக எங்கள் தோட்டத்தில் இருப்பவர். தமிழ் நன்றாகவே பேசுவார். ஆனால் அந்தத் தமிழ் முழுக்க வேலை ஏவிப் பழகிய தமிழ். நாகு இரண்டு கடிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவர் பார்த்தார்.

"கம்பெனியில பொம்பள ஸ்டாஃபுக்கு ஒரு தரம்தான் இருக்கு. மருத்துவச்சித் தரம். வேற இல்ல."

"நான் படிச்சது டிஸ்பென்சர் படிப்புங்க தொரை."

"படிப்பு நல்லது. ஆனா நீ கல்யாணம் கட்டிப் போயிருவ. இவன் ஆம்பள. குடும்பம் பாக்கணும்."

"அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகலீங்க தொரை."

பக்கத்து மேசையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெரிய கிளாக்கருக்கு இருமல் வந்தது. துரைக்கு முகம் சிவந்தது. "வேணும்னா கையெழுத்துப் போடு. வேணாம்னா போ" என்று பேனாவை நீட்டினார்.

நாகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். என்னால் நம்ப முடியவில்லை. ஆபீசிலிருந்து இறங்கும் படிக்கட்டில் அவளை விட்டு முன்னால் இறங்கி நடந்தேன். பாதி வழியில் அவளாகவே, "ஏன்க்கா உம்முனு வர்ற?" என்றாள்.

"மாசம் முப்பத்தஞ்சா ரெண்டு வருசம் அனுப்பினேனே, இதுக்கா?"

"கையெழுத்துப் போட்டது மருத்துவச்சி நாகலெட்சுமி. மருத்துவச்சி என்ன வேலை பாக்கலாம்னு தொரைக்குக் காட்டணும்ல. கொஞ்சம் பொறு."

மறுநாள் ஆபீசில் கொடுத்த சாவிக் கொத்தால் டிஸ்பென்சரியைத் திறந்ததும் அவள் நேரே நஞ்சு அலுமாரியிடம் போனாள். சுவரோடு பதித்த சின்ன அலுமாரி அது. அபின் சேர்ந்த மருந்துகள், கார்பாலிக், இன்னும் கை தவறினால் ஆளைக் கொன்றுவிடும் சரக்குகள் எல்லாம் அதற்குள்தான். கதவின் உட்பக்கத்தில் கம்பெனி அச்சடித்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது. ஏழு வருஷமாக அதைத் தினமும் பார்க்கிறேன், இங்கிலீசு என்பதால் படித்ததில்லை. நாகு படித்துச் சொன்னாள். இந்த அலுமாரியின் சாவி டிஸ்பென்சர் தரத்தில் உள்ளவர் கையில் மட்டுமே இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாத காலத்தில் தோட்டத்துத் துரை கையில் இருக்க வேண்டும். துரை தானே வந்து திறந்து, எடுத்ததைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். திறப்பதற்கு வேறு ஒருவர் கையிலும் சாவியைக் கொடுத்தனுப்பக் கூடாது. கீழே துரையின் கையெழுத்து இருந்தது.

அவள் அலுமாரியைப் பூட்டினாள். இங்கிலீசில் நாலு வரி எழுதினாள். தான் மருத்துவச்சித் தரத்தில் இருப்பதால் இந்தச் சாவியை வைத்திருக்கத் தனக்கு அதிகாரமில்லை, மரியாதையோடு துரையிடம் ஒப்படைக்கிறேன் என்று. கடிதத்தையும் சாவியையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். துரை படித்துவிட்டுச் சிரித்தார். சாவியை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

திரும்பி வந்து அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன். மருத்துவச்சி நான், அதைக் கேட்காமல் என்னால் இருக்க முடியாது. "யாருக்காச்சும் உயிர் போற மாதிரி வந்தா என்ன செய்வ?"

"பூட்டை ஒடைப்பேன். ஒடைச்சுட்டு ஒடைச்சேன்னு எழுதி வைப்பேன். நோயாளியை வச்சு நான் வெளையாட மாட்டேன்க்கா. தொரையை மட்டுந்தான் நடக்க விடப் போறேன்." அந்த அலுமாரிப் பூட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சுத்தியலையும் எடுத்து வைத்தாள்.

அது கவ்வாத்துக் காலம். கவ்வாத்துக் கத்தி கையிலும் காலிலும் படாத நாள் இருக்காது. காயத்தைக் கழுவக் கார்பாலிக் வேண்டும். கார்பாலிக் அலுமாரிக்குள் இருந்தது. முதல் நாள் பத்து மணிக்கு, அப்பாவோடு கவ்வாத்து வெட்டும் சோலைமலை மாமா பெருவிரலைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாகு காய்ச்சிய உப்புத் தண்ணீரில் காயத்தைக் கழுவி, இரத்தத்தை நிறுத்தி, அவரை பெஞ்சில் உட்கார வைத்தாள். ஆட்களை மேய்க்கும் காங்காணி மூலம் துரைக்குத் துண்டு போனது. துரை மோட்டார் சைக்கிளில் வந்தார், அலுமாரியைத் திறந்தார், புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார், போனார். அரை மணி நேரத்தில் அடுத்த ஆள் வந்தார். துரையும் வந்தார். மூன்று மணிக்கு மறுபடியும்.

வழக்கமாகச் சின்னக் காயத்துக்கு யாரும் டிஸ்பென்சரிக்கு வர மாட்டார்கள். துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். கந்தப்பன் ஐயா காலத்தில் வாரத்துக்கு இரண்டு பேர் வந்தால் அதிகம். இந்த முறை மட்டும் ஏன் இத்தனை பேர் என்று எனக்கு விளங்கவில்லை. நாலாம் நாள் சோலைமலை மாமாவே கட்டு மாற்ற வந்தபோது சொன்னார். "ஒங்கப்பன்தான் ஆயா. மலையில நின்னு ஒரு ஆளை விடுறதில்ல. முள்ளு கீறுனாலும் சரி, டிஸ்பென்சரிக்கு நடங்கடான்னு வெரட்டுறாரு. எம் புள்ளைக்கு மூணாவது எடம், எண்பத்தஞ்சு ரூவாயான்னு கத்துறாரு."

எண்பத்தைந்து என்ன சும்மாவா என்று கேட்ட அதே மனிதர். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மாமாவுக்குத் தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நாகு கட்டைச் சுற்றிக்கொண்டே, "காயம் இல்லாதவங்களை அனுப்ப வேணாம்னு அப்பாகிட்டச் சொல்லுங்க மாமா. புத்தகத்துல பொய் எழுத மாட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு காயம் உள்ளவர்கள் மட்டும் வந்தார்கள். அவர்களே போதும் என்கிற அளவுக்கு இருந்தார்கள். ஆனைக்கல் ஆம்பளைகள் அத்தனை நாளும் எவ்வளவு காயத்தை மறைத்து வைத்திருந்தார்கள் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

முதல் வாரத்தில் துரை பதினேழு முறை வந்தார். துரையின் பங்களா மலைமேலே மேல் டிவிசனில், டிஸ்பென்சரி கீழே ஆற்றோரத்தில். மழை வேறு விடவில்லை. சனிக்கிழமை கிளப்புக்குப் புறப்பட்டவரை இரண்டு முறை பாதி வழியில் மறித்துத் துண்டு கொடுத்தார்கள். ஒருநாள் கோபத்தில் சாவியை மேசையில் எறிந்தார். "நீயே வச்சிரு. நீ படிச்சவதானே? ஒனக்கு இது தெரியாதா?"

"தெரியுங்க தொரை. ஆனா எனக்குத் தெரியும்னு உங்க கடுதாசியில இல்லீங்க" என்று சொல்லி, சாவியை இரண்டு கையாலும் எடுத்து அவரிடமே நீட்டினாள். நான் மூலையில் பிள்ளை எடை பார்க்கும் தராசைத் துடைத்தது போதாதென்று திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது வாரம் கம்பெனியிலிருந்து வீ.ஏ. துரை வந்தார். வருஷத்துக்கு இரண்டு முறை வந்து தோட்டத்தை மேற்பார்வை பார்க்கும் பெரிய துரை அவர். தேயிலை பெக்டரியில் இரண்டு துரைமாரும் நின்றுகொண்டிருக்கும்போது எங்கள் துண்டு போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு கவ்வாத்துக்காரரின் காலில் ஆழமான வெட்டு, இது நிஜமாகவே பெரிய காயம். பெரிய துரையும் கூடவே வந்துவிட்டார். எங்கள் துரை அலுமாரியைத் திறந்தார், கையெழுத்துப் போட்டார். நாகு காயத்தைக் கழுவி ஏழு தையல் போட்டாள். அவள் கை ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. பெரிய துரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கடைசித் தையல்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அவர் இங்கிலீசில் கேட்டார், அவள் இங்கிலீசில் பதில் சொன்னாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, எங்கள் துரையின் காது சிவப்பது மட்டும் தெரிந்தது. அவர்கள் போன பிறகு நாகு எனக்கு விளக்கினாள். உங்கள் டிஸ்பென்சர் யார் என்று பெரிய துரை கேட்டாராம். இவள்தான் என்றாராம் எங்கள் துரை. அப்படியானால் சாவி ஏன் உம்மிடம் இருக்கிறது என்று அவர் கேட்டாராம். எத்தனை முறை இப்படி வந்திருக்கிறீர் என்று புத்தகத்தை வாங்கிப் புரட்டிவிட்டு, ஒரு துரையின் நேரத்துக்குக் கம்பெனி என்ன சம்பளம் கொடுக்கிறது என்று உமக்குத் தெரியுமா என்று கடைசியாகக் கேட்டாராம்.

"இவரும் உன்னைய மாதிரித்தான் சம்பளத்தைப் பத்திக் கேட்டிருக்காரு" என்றேன்.

மறுநாள் காலையில் ஆபீசுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. நாங்கள் போனபோது அப்பாவும் எங்களுக்குப் பின்னால் வந்தார். வேலைக்குப் போகவில்லை. அவர் உள்ளே வரவில்லை, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விறாந்தையில் நின்றார்.

துரை நேரே விஷயத்துக்கு வந்தார். "நூத்தி முப்பது தர்றேன். சாவியை எடு."

எனக்கு உள்ளுக்குள் குதித்தது. நூற்று முப்பது. என் சம்பளத்தை விட நாற்பது கூட. எடுத்துக்கொள்ளடி என்று அவள் முழங்கையை இடித்தேன்.

"நூத்தி முப்பதுன்னா அது எந்தத் தரம்னு எழுதுவீங்க தொரை?" என்று கேட்டாள் நாகு.

துரை பெரிய கிளாக்கரைப் பார்த்தார். பெரிய கிளாக்கர் கம்பெனியின் சம்பளத் தாளை எடுத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். நூற்று முப்பதுக்கு ஒரு தரமும் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தது இரண்டே தரம்: மருத்துவச்சி, டிஸ்பென்சர். மருத்துவச்சி என்று எழுதினால் சாவியைக் கொடுக்க முடியாது. டிஸ்பென்சர் என்று எழுதினால் நூற்று அறுபத்தைந்துக்குக் குறைத்து எழுத முடியாது. டிஸ்பென்சர் வரிசைக்கு நேரே ஆண் என்றோ பெண் என்றோ ஒரு வார்த்தையும் அச்சடித்திருக்கவில்லை. ஒரு பெண் அந்த வரிசைக்கு வந்து நிற்பாள் என்று அச்சடித்தவனுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது.

துரை அந்தத் தாளைத் தானும் ஒரு முறை பார்த்துவிட்டு டைப் அடிக்கும்படி கையைக் காட்டினார். பெரிய கிளாக்கர் அடித்து முடித்ததும் அதில் கையெழுத்துப் போட்டு, சாவியையும் அதன் மேலே வைத்து மேசையில் தள்ளினார். நாகு கடிதத்தைக் கடைசி வரிவரை வாசித்த பிறகே சாவியைத் தொட்டாள். டிஸ்பென்சர் தரம், நூற்று அறுபத்தைந்து ரூபாய். நான் வாய்விட்டே அழுதேன். துரை முன்னால் அழுதேன், வெட்கமே படவில்லை. என் சம்பளம் தொண்ணூறிலேயே இருந்தது, அம்மாவின் பேருக்கு ஒரு சதம் கூடவில்லை, அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருத்தியின் உழைப்பை அன்றைக்குக் குறைக்காமல் எழுதியிருந்தார்கள்.

வெளியே வந்தோம். துரையும் தொப்பியை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். விறாந்தையில் நின்ற அப்பாவைக் கண்டதும், இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு ஒரு வார்த்தையாவது குத்திவிட்டுப் போகலாம் என்று தோன்றியதோ என்னவோ, படியில் நின்றார்.

"என்ன செல்லசாமி, சந்தோஷமா? ஒம் மகளுக்கு ஆம்பளச் சம்பளம் குடுத்தாச்சு."

எங்கள் அப்பா முப்பது வருஷமாக அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர். மூன்று துரைமாரைப் பார்த்தவர். துரை எது சொன்னாலும் 'சரிங்க தொரை' என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. கக்கத்தில் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஆம்பளச் சம்பளம் இல்லீங்க தொரை" என்றார். "டிஸ்பென்சர் சம்பளம்."

உள்ளே பெரிய கிளாக்கரின் டைப் மெஷின் சத்தம் நின்றுபோனது. துரை அப்பாவைப் பார்த்தார், நாகுவைப் பார்த்தார், அவள் கையில் இருந்த சாவியைப் பார்த்தார்.

"சரி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.